ஆவடி முதல் பூந்தமல்லி வரை... பென்ஷன் வீடுகளில் காத்திருக்கும் பிசினஸ்!

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் ஆவடி, அம்பத்தூர் பக்கத்து வங்கிக் கிளைகளில் ஒரு தனிக் கூட்டம் தெரியும். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பென்ஷன் புத்தகம், ஆதார் ஜெராக்ஸ், மூக்குக்கண்ணாடி டப்பா. ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று ஆண்டுக்கு ஒருமுறை சான்று கொடுக்க வருபவர்கள் அவர்கள்.

இத்தனைக்கும் இந்த அலைச்சல் தேவையே இல்லை. 2014 நவம்பரிலேயே மத்திய அரசு ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றைக் கொண்டுவந்துவிட்டது. 2021-லிருந்து செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம். அதுவும் முடியாது என்றால், 70 ரூபாய் கட்டணத்தில் இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கியின் சார்பில் தபால்காரரே வீட்டுக்கு வருவார். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1-ம் தேதியிலிருந்தே சான்று கொடுத்துவிடலாம்.

வசதி இத்தனை இருந்தும் கூட்டம் முழுதாகக் குறையவில்லை. காரணம் எளிது. ஆப் இருக்கிறது, போன் இருக்கிறது, நெட் இருக்கிறது. ‘கண்ணாடியைக் கழட்டுங்க, இங்கே பாருங்க, ஒருதடவை கண்ணை மூடித் திறங்க’ என்று பக்கத்தில் நின்று சொல்லத்தான் பல வீடுகளில் ஆள் இல்லை. பிள்ளைகள் பெங்களூருவிலோ, துபாயிலோ, நியூ ஜெர்சியிலோ இருக்கிறார்கள்.

அந்த ‘ஆள் இல்லை’ என்ற இடத்தில்தான் ஒரு நல்ல தொழில் காத்திருக்கிறது.

மேற்குச் சென்னைக்கு என்ன விசேஷம்?

தமிழ்நாடு வேகமாக மூப்படைந்துவரும் மாநிலம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட முதியோர் அறிக்கையின்படி, இங்கே 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவிகிதம். கேரளாவுக்கு அடுத்த இடம். 2031-ல் இது 18.2 சதவிகிதமாகும் என்கிறது அதே அறிக்கை. கிட்டத்தட்ட ஐந்தரை பேரில் ஒருவர்.

இதில் சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஒரு தனிக் கதை உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல் திறக்கப்பட்டது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் உருவாகி, 1965-ல் முதல் ‘விஜயந்தா’ டாங்கியை வெளியே அனுப்பியது. ராணுவ உடைத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிலையமான சி.வி.ஆர்.டி.இ., 1960-களில் வளர்ந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வேலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் அப்படியே திருமுல்லைவாயல், பட்டாபிராம், கொரட்டூர், அயப்பாக்கம் என்று மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 1965-ல் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று 80 வயதைத் தாண்டியவர். 1985-ல் அதே வயதில் சேர்ந்தவர் இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். ஒரே நேரத்தில் வளர்ந்த ஊர், ஒரே நேரத்தில் மூப்படைகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. மத்திய அரசுப் பென்ஷன்தாரர்களுக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவிகிதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-ல் 30 சதவிகிதம், 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் 100 சதவிகிதம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது பொருந்தும். வயது ஏற ஏற வருமானமும் ஏறும் வாடிக்கையாளர் வேறு எந்தத் தொழிலில் கிடைப்பார்?

ஆனால், பக்கத்துத் தெரு வேறு மாதிரி

இதே அம்பத்தூரில், தொழிற்பேட்டையின் தனியார் கம்பெனிகளில் முப்பது வருடம் லேத் ஓட்டியவரின் நிலைமை வேறு. அவருக்குக் கிடைப்பது இ.பி.எஃப். பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகை 2014-ல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. எந்தப் பென்ஷனும் இல்லாத ஏழை முதியோருக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது.

ஆக, ஒரே தெருவில் மாதம் 40,000 ரூபாய் பென்ஷன் வாங்குபவரும் இருப்பார், 2,000 ரூபாயில் மாத்திரை வாங்கத் திணறுபவரும் இருப்பார். இருவருக்கும் முட்டி வலி ஒன்றுதான். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதல் நாளிலேயே இந்த வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். எதற்குக் கட்டணம் வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்ற தெளிவு அதிலிருந்துதான் வரும்.

என்னென்ன செய்யலாம்?

1. ஆஸ்பத்திரித் துணை

ஆவடியிலிருந்து சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு மின்சார ரயிலில் போய்விடலாம். ஆனால், படியேறி இறங்கி, ஓ.பி. சீட்டு வாங்கி, ஸ்கேன் அறையைத் தேடி, மருந்து வரிசையில் நிற்பது 75 வயதில் தனியாக நடக்கிற காரியமா? போரூர் ராமச்சந்திரா, தண்டலம் சவீதா என்று பூந்தமல்லியைச் சுற்றிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு. முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள்தான் குறைவு.

இந்த வேலை வெறும் ஆட்டோ துணை இல்லை. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஃபைலில் அடுக்குவது, டாக்டரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை முதல் நாளே எழுதிக்கொள்வது, டாக்டர் சொன்னதை வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வது. இவ்வளவும் சேர்ந்ததுதான் சேவை.

2. வழுக்காத வீடு

வயதானவர்களை முடக்கிப்போடும் விபத்துகளில் முக்கியமானது வீட்டுக்குள் விழுவது. அதிலும் குளியலறை. 1980-களில் கட்டிய தனி வீடுகளில் இந்தியன் டாய்லெட், வழுவழு தரை, வாசலில் கைப்பிடி இல்லாத மூன்று படிகள் என்றுதான் இருக்கும். சுவரில் ஸ்டீல் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ் அல்லது மேட், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, வாசலில் சாய்தளம், வெஸ்டர்ன் டாய்லெட். ஐந்தையும் ஒரே ஆள் பொறுப்பெடுத்துச் செய்து கொடுத்தால் போதும்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் மூவர் சேர்ந்தால் ஒரு டீம் ரெடி. ஸ்டீல் வேலைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையைவிட வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸ் மீது ஒட்டும் கைப்பிடிகளை நம்பக் கூடாது. முழு உடல் எடையும் அதில்தான் விழும். டைல்ஸைத் தாண்டி செங்கல் சுவர் வரை துளைத்து, போல்ட் போட்டு முறுக்கி, நாமே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

3. வாடகைக்கு வீல்சேர்

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வருபவருக்கு மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்கர், கமோடு நாற்காலி, தலைப்பக்கம் தூக்கும் கட்டில் தேவைப்படும். பிறகு அது மாடிப்படிக்கு அடியில் தூசி படியும். முன்பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகைக்கு விடுவது பலருக்கும் உதவும். ஒருவர் பயன்படுத்தியதைக் கிருமிநாசினி போட்டுக் கழுவி, பிரேக், திருகு எல்லாம் சரிபார்த்து அடுத்தவருக்குக் கொடுப்பதில்தான் பெயர் நிற்கும்.

4. பத்தியச் சாப்பாடு

இரண்டே பேருக்குத் தினமும் சமைப்பது பல வீடுகளில் பெரிய பாரமாகிவிட்டது. உப்பு குறைவாக, சர்க்கரை நோய்க்கு ஏற்றதாக, மெல்ல எளிதாக, இரவு ஏழு மணிக்குள் வந்துவிடும் சாப்பாடு என்றால் வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் நிற்பார்கள். வீட்டுச் சமையலறையில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம்.

5. போன் வாத்தியார்

மின் கட்டணம், கேஸ் புக்கிங், வீடியோ கால், வாழ்நாள் சான்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தருவது, தேவைப்பட்டால் பக்கத்தில் இருந்து செய்யவைப்பது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் முதியவர்களைக் குறிவைக்கும் காலத்தில், ‘அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது, போனை வைத்துவிட்டு 1930-க்குக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவைப்பதும் சேவையின் ஒரு பகுதிதான்.

‘தாத்தா’ என்று கூப்பிடாதீர்கள்!

1955-ல் அமெரிக்காவின் ஹெய்ன்ஸ் நிறுவனம் ஒரு விஷயத்தைக் கவனித்தது. பல் இல்லாத முதியவர்கள் குழந்தை உணவை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். உடனே ‘சீனியர் ஃபுட்ஸ்’ என்று தனி டப்பாவைக் கொண்டுவந்தது. படுதோல்வி. குழந்தை உணவை வாங்கினால் ‘பேரனுக்கு’ என்று சொல்லிக்கொள்ளலாம். ‘சீனியர்’ என்று எழுதிய டப்பாவை நாலு பேர் பார்க்க எடுத்துப்போக யாருக்கும் மனமில்லை.

ஜப்பான் இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தது. அங்கே பெரிய எழுத்து, பெரிய பட்டன் கொண்ட போனுக்கு வைத்த பெயர் ‘ராகு ராகு’. அர்த்தம், ‘சுலபம்’. வயது பற்றிப் பேச்சே இல்லை. அதே ஜப்பானில்தான், ஓஜி என்ற பெரிய நிறுவனம் 2024-ல் உள்நாட்டுக்கான குழந்தை டயபர் தயாரிப்பை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கான டயபரில் கவனம் செலுத்தத் தொடங்கியது.

ஆவடிக்கும் இது பொருந்தும். டாங்கி இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய மனிதரிடம் போய், “தாத்தா, உங்களால முடியாது, நாங்க பாத்துக்கறோம்” என்றால் கதவு சாத்தப்படும். “சார், இந்த ஃபைலை நான் எடுத்துக்கறேன், நீங்க முன்னால வாங்க” என்றால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் கொடுப்பவர் மகனோ, மகளோ. சேவை பெறுபவர் அப்பாவோ, அம்மாவோ. “எனக்கு எதுக்குமா ஆள்? நான் என்ன படுத்தா கிடக்கறேன்?” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதல் பதிலாக இருக்கும். மகளிடம் பணம் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. அந்த அம்மாவிடம் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கு முதல் மாதம் ஒரே ஒரு வேலையோடு தொடங்குவது நல்லது. கண் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை துணைக்குப் போய்வந்தால், அடுத்ததை அவரே கேட்பார்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 30 வீடுகள். வீட்டுக்கு வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் போய் மருந்து, பில், போன், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் கவனிக்க மாதம் 500 ரூபாய். வருமானம் 15,000 ரூபாய். வாரத்துக்கு 30 சந்திப்பு என்றால் ஞாயிறு நீங்கலாக நாளைக்கு ஐந்து வீடு. இதோடு மாதம் ஆறுமுறை ஆஸ்பத்திரித் துணை, தலா 700 ரூபாய் என்றால் 4,200. மொத்தம் 19,200. பெட்ரோல், போன் செலவு 2,500 போனால் கையில் 16,700 ரூபாய்.

இந்தக் கணக்கில் ஒரு சந்திப்புக்குக் கிடைப்பது சுமார் 125 ரூபாய்தான். அதனால் 30 வீடும் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு வீடு பட்டாபிராமில், இன்னொன்று பூந்தமல்லியில் என்றால் லாபம் பெட்ரோலிலேயே போய்விடும். ஒரு நகர், ஒரு அடுக்குமாடி, ஒரு குடியிருப்போர் சங்கம் என்று சுருக்கமாகப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

முதல் மாதமே 30 வீடு கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் விளம்பரம் என்பது ஒரு பாட்டி கோயிலில் இன்னொரு பாட்டியிடம் சொல்வதுதான். அதற்கு நாளாகும். வேறு வருமானத்தை விட்டுவிடாமல் நாலைந்து வீடுகளோடு ஆரம்பிப்பதே பாதுகாப்பு.

இலவசத்தை விற்காதீர்கள்

பக்கத்துத் தெருவில் இருக்கும் 1,000 ரூபாய் பென்ஷன்காரரை இங்கேதான் நினைத்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீட்டு வாசலுக்கு வரும். சுமார் 21.7 லட்சம் பேர் இதில் பயனாளிகள் என்று அறிவிக்கப்பட்டது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. முதியோர் உதவி எண் 14567.

இவையெல்லாம் தெரியாதவர்களிடம் ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று காசு வாங்குபவர்களும் உண்டு. அப்படிச் சம்பாதித்த 200 ரூபாய், வெளியே தெரிந்த அன்றைக்கு முழுத் தொழிலையும் கொண்டுபோய்விடும். இலவசமாகக் கிடைப்பதை இலவசமாகவே சொல்லுங்கள். பணம் கட்ட முடியாத வீட்டுக்குச் சொன்ன நல்ல தகவல், பணம் கட்டக்கூடிய வீட்டின் காதுக்கும் போய்ச்சேரும்.

எல்லைக்கோடு எங்கே?

வீட்டுச் சாவி, பீரோ, பேங்க் புத்தகம், பலவீனமான உடம்பு என்று எல்லாமே நம் கண்முன் இருக்கும் தொழில் இது. நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, அந்த ஏரியாவில் அடுத்து வரும் நல்லவருக்கும் கதவு திறக்காது. அதனால் சில விதிகளைத் தாளில் எழுதி, வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள்.

* பின் நம்பர், ஓ.டி.பி. இரண்டையும் கேட்க மாட்டோம். அவர்களே சொன்னாலும் காது கொடுக்க மாட்டோம்.
* வாங்கிவந்த ஒவ்வொரு பொருளுக்கும் பில் உண்டு. மருந்துக்கடையிலோ, லேபிலோ கமிஷன் வாங்குவதில்லை.
* ஊசி, டியூப், காயத்துக்குக் கட்டுப்போடுவது எங்கள் வேலை இல்லை. அதற்குத் தகுதிபெற்ற நர்ஸ்தான் வர வேண்டும்.
* பத்திரம், உயில், நகை விஷயங்களில் தலையிட மாட்டோம்.
* வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்பு முடிந்திருக்கும். அந்த நகலைத் தருவோம்.
* வர முடியாத நாளை முந்தைய நாளே சொல்வோம்.

கடைசி விதி சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், ‘பத்து மணிக்கு வரேன்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி, ஒன்பது மணிக்கே சட்டை போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வாடிக்கையாளர்கள்.

எங்கே தொடங்குவது?

நோயாளிப் பராமரிப்பில் இறங்க விரும்புபவர்கள் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ பயிற்சியை முடித்துக்கொள்வது நல்லது. படுக்கையில் இருப்பவரைப் புரட்டுவது, தூக்குவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். கடனுக்கு முத்ரா, பி.எம்.இ.ஜி.பி. போன்ற திட்டங்களை மாவட்டத் தொழில் மையத்திலும் வங்கியிலும் கேட்கலாம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டம் என்பதை மறந்து தவறான அலுவலகத்தில் நாளைக் கழிக்காதீர்கள்.

ஆப் அடிப்படையில் பெரிதாகத் திட்டமிடும் இளைஞர்களுக்கு, மத்திய சமூக நீதித் துறை 2021-ல் தொடங்கிய ‘சேஜ்’ திட்டம் உண்டு. தேர்வாகும் முதியோர் நல ஸ்டார்ட்அப்புக்கு 1 கோடி ரூபாய் வரை அரசு முதலீடு செய்யும். அரசின் பங்கு 49 சதவிகிதத்துக்கு மேல் போகாது.

ஆளுக்கும் வெகுதூரம் தேட வேண்டாம். 61 வயதில் ஓய்வு பெற்று, உடல் திடமாக, வீட்டில் பொழுது போகாமல் இருப்பவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். 82 வயதுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஒரே ஃபேக்டரியில் வேறு வேறு ஷிஃப்டில் வேலை பார்த்தவர்களாகக்கூட இருக்கலாம். டோக்கன் கூப்பிடும் வரை பேசுவதற்கு அவர்களுக்கு விஷயம் இருக்கும்.

எப்படித் தொடங்குவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், வரும் நவம்பரில் உங்கள் தெருவில் இருக்கும் பென்ஷன் வீடுகளைக் கணக்கெடுங்கள். கதவைத் தட்டி, “வாழ்நாள் சான்று எடுத்தாச்சா சார்?” என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். முதல் வேலைக்குக் காசு வாங்காதீர்கள். கிளம்பும்போது உங்கள் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.